மேலெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டுகொள்வதும் சமாளிப்பதும்

"மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று வருகிறவருக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சத்து மாத்திரை போடுங்க" என்று சொல்லி அனுப்புவது டெல்டாப் பக்கத்துச் சின்ன ஊர்களில் அன்றாடம் நடப்பதுதான். வலி மட்டும் போவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டு வருஷம் என்று நீள்கிறது. வீட்டில் "வேலைக்குப் பயந்துக்கிட்டு சாக்கு சொல்றா" என்ற பேச்சும் வந்துவிடுகிறது. இப்படி இழுத்துக்கொண்டே போகிற வலிகளில் ஒரு பங்குக்குப் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். ஆண்களுக்கும் உண்டு, அவர்கள் வாய் திறந்து சொல்வது குறைவு.

ஒரு காலத்தில் இதற்கு ஃபைப்ரோசைட்டிஸ் என்று பெயர். 1904-ல் வந்த அந்தப் பெயருக்கு நார்த்திசு அழற்சி என்று அர்த்தம். தேடிப் பார்த்தபோது தசையில் அழற்சியே இல்லை என்று தெரியவந்தது. 1976-லிருந்துதான் இப்போதைய பெயர். இந்தப் பெயர்க் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. அழற்சி இல்லாததால்தான் வீக்கத்தைக் குறைக்கிற டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளும் ஊசிகளும் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை.

பழுது இருப்பது நரம்பு மண்டலத்தில். வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பிலிருந்து மூளைக்கு எந்நேரமும் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. தேவையில்லாததை முதுகுத்தண்டிலேயே பலகை போட்டு அடைத்துவிடுவது மூளையின் வேலை. அந்தப் பலகை சரியாக இறங்காவிட்டால், சாதாரணத் தொடுதல்கூட வலியாக வந்து சேரும். கழுத்தில் தாலிக்கொடி உறுத்தும், ரவிக்கையின் தையல் குத்தும், மடியில் பிள்ளை சாய்ந்தால் தொடை நோகும், திருவிழா ஒலிபெருக்கிச் சத்தம் மண்டைக்குள் இடிக்கும். வலி நிஜம். ஆனால் அந்த வலியால் மூட்டு தேய்வதில்லை, எலும்பு கெடுவதில்லை, கை கால் விளங்காமல் போவதுமில்லை.

ஒரு தாளில் கணக்கெடுங்கள்

இதை உறுதிசெய்ய ஸ்கேன் கிடையாது. டாக்டர்கள் பயன்படுத்துவது ஒரு மதிப்பெண் கணக்கு; 2010-ல் வந்து 2016-ல் திருத்தப்பட்டது. நீங்களே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். நோயை முடிவு செய்வது டாக்டர்தான் என்றாலும், இந்தத் தாளோடு போனால் ஓ.பி.யில் கிடைக்கிற மூன்று நிமிஷம் வீணாகாது.

முதலில் வலிக்கிற இடங்கள். கடந்த 7 நாளில் எங்கெல்லாம் வலித்தது என்று எண்ண வேண்டும். மொத்தம் 19 இடம். இடது வலது என்று தனித்தனியாக எண்ணுபவை தோள்பட்டை, மேல்கை, முன்னங்கை, இடுப்பின் பக்கவாட்டோடு பிட்டம், தொடை, கெண்டைக்கால், தாடை, ஆக 14. ஒற்றையாக எண்ணுபவை கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, மார்பு, வயிறு, ஆக 5. ஓர் இடத்துக்கு 1 மதிப்பெண். வலி எவ்வளவு கடுமை என்பது இங்கே கணக்கில் வராது.

அடுத்து மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. பகலில் அசதி எவ்வளவு? தூங்கி எழும்போது தூங்கின மாதிரியே இல்லையா? மறதி, கவனக்குறைவு எவ்வளவு? தொந்தரவே இல்லையென்றால் 0, எப்போதாவது லேசாக என்றால் 1, அடிக்கடி கணிசமாக என்றால் 2, விடாமல் படுத்துகிறது என்றால் 3. இதுவும் கடந்த ஒரு வாரத்துக்கு. மறதி என்பதை மக்கள் இந்த நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அடுப்பில் பால் வைத்தது நினைவில்லாமல் போவது, தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்பது, மளிகைக் கடை வாசலில் எதற்கு வந்தோம் என்று திகைப்பது எல்லாம் இதில் அடக்கம். கடைசியாக, கடந்த 6 மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி அல்லது பிடிப்பு, மனச்சோர்வு இருந்ததா? இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1. இந்த இரண்டாவது பகுதிக்கு அதிகபட்சம் 12.

வலி இடங்கள் 7 அல்லது அதற்கு மேல், இரண்டாவது பகுதி 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்று சந்தேகிக்கலாம். வலி இடங்கள் 4 முதல் 6 வரைதான் என்றால் இரண்டாவது பகுதி 9-ஐத் தொட வேண்டும். கூடவே இரண்டு நிபந்தனை. தொந்தரவு ஏறக்குறைய இதே அளவில் 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உடம்பை இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு என்று ஐந்து பகுதியாகப் பிரித்தால் நான்கிலாவது வலி இருக்க வேண்டும். தாடை, மார்பு, வயிற்று வலி இந்த ஐந்து பகுதிக் கணக்கில் சேராது.

எடுத்துக்காட்டாக, இரண்டு தோள்பட்டை, கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, இரண்டு பக்க இடுப்பு, இரண்டு கெண்டைக்கால் வலிக்கிற ஒருவருக்கு இடங்கள் 9. அசதி 2, ஓய்வு தராத தூக்கம் 3, மறதி 1, தலைவலி 1, மனச்சோர்வு 1 என்றால் மொத்தம் 8. ஐந்து பகுதியிலும் வலி இருக்கிறது. இவர் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். 18 இடங்களில் விரலால் அழுத்தி 11-ல் வலித்தால்தான் இந்த நோய் என்பது 1990-ன் பழைய கணக்கு. இப்போது அது கட்டாயமில்லை.

வேறு நோய் ஒளிந்திருக்கிறதா?

இதே மாதிரி மேல்வலியைத் தருகிற வேறு நோய்கள் நிறைய. தைராய்டு சுரப்பு குறைவு, வைட்டமின் டி குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு, கொழுப்புக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மழைக்காலத்துக்குப் பிறகு சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. அதனால் ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டுகிற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் டி, கால்சியம், தசை நொதியான சி.பி.கே. இவற்றை ஒரு முறை பார்த்துவிடுவது முறை. மூட்டு வீக்கமோ தோல் தடிப்போ இல்லாதபோது முடக்குவாதம் போன்ற நோய்களைத் தேடுகிற ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ. என்று பேக்கேஜ் எடுப்பதில் குழப்பம்தான் மிஞ்சும். நோயே இல்லாதவர்களில் சிலருக்கும் அவை பாசிட்டிவ் வரும்.

வீக்கத்தைச் சரியாகப் பாருங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவில் கை வீங்கின மாதிரி தோன்றும். பார்த்தால் வீக்கம் இருக்காது, மோதிரம் எப்போதும்போல் கழலும். முடக்குவாதத்தில் விரல் முட்டி நிஜமாகவே உப்பி, தொட்டால் சூடாக இருக்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரம்வரைகூட விடாது. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, வலியைவிட பலவீனம் தூக்கலாக இருப்பது, அதாவது குந்தின இடத்திலிருந்து எழ முடியாமல், தலைவாரக் கை தூக்க முடியாமல் போவது, முதுகுவலியோடு சிறுநீர் மலக் கட்டுப்பாடு போவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போய்க் கூடவே புதுத் தலைவலி அல்லது பார்வை மங்கல் வருவது: இவை இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பு வலியையும் "அந்தப் பழைய வலிதான்" என்று விட்டுவிடக் கூடாது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். வாதநோய் சிறப்பு மருத்துவர் இருந்தால் அவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பெண் தாள், பழைய ரிப்போர்ட், இப்போது போடுகிற எல்லா மாத்திரையின் அட்டை, மூன்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.

வேலையை வலி சொல்லி நிறுத்தாதீர்கள், கடிகாரம் சொல்லி நிறுத்துங்கள்

இந்த நோயோடு வாழ்வதில் பாதி இதுதான். உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில் தேங்கிக் கிடக்கிற வேலை முழுவதையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது எல்லோரும் செய்கிற தவறு. இப்படி நடக்க நடக்க நல்ல நாள் குறைந்துகொண்டே வரும்.

துணி துவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷத்தில் வலி ஏறத் தொடங்குகிறது என்று மூன்று நாள் பாருங்கள். 14, 10, 12 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 12. அதில் முக்கால் பங்கு, 9 நிமிஷம். அதுதான் உங்கள் அளவு. செல்போனில் 9 நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும், வலி இல்லாவிட்டாலும், பாதித் துணி சோப்புநுரையில் கிடந்தாலும் எழுந்து 5 நிமிஷம் உட்காருங்கள். மோசமான நாளிலும் அதே 9. நல்ல நாளிலும் அதே 9. ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் 1 நிமிஷம் கூட்டலாம். பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

"என்னம்மா, பாதியில உக்காந்துட்டே?"

"மணி அடிச்சிடுச்சு அத்தை. அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு மிச்சத்தை அலசிடுறேன்."

இவ்வளவு சொன்னால் போதும். காரணத்தை ஒவ்வொரு தடவையும் விளக்கப் போனால் சண்டையில்தான் முடியும். மாமியாரையோ வீட்டுக்காரரையோ ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் வாயால் கேட்க வைப்பது நூறு விளக்கத்துக்குச் சமம்.

வேலை செய்கிற விதத்திலும் சின்ன மாற்றங்கள் வேண்டும். நிறைகுடத்தை ஒரே இடுப்பில் தூக்காமல், இரண்டு சின்ன வாளியில் அரை அரையாக இரண்டு கையிலும் பிடித்தால் முதுகு கோணாது. அடுப்படியில் நின்று சமைக்கும்போது காலடியில் ஒரு மணை போட்டு, ஒரு காலை அதன்மேல் வைத்து, சில நிமிஷத்துக்கொரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம். கோலம் போட இடுப்பை மடித்துக் குனிவதைவிடச் சின்ன முக்காலியில் உட்கார்வது மேல். மார்கழிக்குப் பெரிய கோலம்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாவு ஆட்டுவது, துணி, வீடு துடைப்பது மூன்றும் ஒரே நாளில் வரக் கூடாது.

நடவு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அலாரக் கணக்கு செல்லாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் கூட்டமாகத்தான் இறங்குவார்கள். ஒருத்தி மட்டும் கரையேறி உட்கார முடியாது. முடிந்தது என்னவென்றால், ஆள் கூட்டிப்போகிற அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, அரை நாளோ போவது. நாற்றுக்கட்டு வந்து சேரும்வரை காத்திருக்கிற ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். நடவுக்கு முந்தின நாளும் மறுநாளும் வீட்டு வேலையைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். கூலியும் வலியும் எதிரெதிரே நிற்கிற இடம் இது. முழுத் தீர்வு இருக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

நடை

ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2016 பரிந்துரைகளில் உறுதியாகச் சொல்லப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. மாத்திரைகளுக்குக்கூட அந்த அளவு உறுதி தரப்படவில்லை. "வலிக்கிறவளை நடக்கச் சொல்றீங்களே" என்ற கோபம் நியாயம். அதனால்தான் தொடக்கம் அற்பமாக இருக்க வேண்டும்: காலை 5 நிமிஷம், மாலை 5 நிமிஷம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். வாரத்துக்கு 1 அல்லது 2 நிமிஷம் கூட்டி, மூன்று நான்கு மாதத்தில் நாளுக்கு 30 நிமிஷம், வாரம் 5 நாள் என்ற இடத்துக்கு வந்தால் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் வலி கொஞ்சம் கூடும். மறுநாளைக்குள் அடங்கினால் தொடருங்கள். இரண்டு நாள் தாண்டியும் அடங்கவில்லையென்றால் நிறுத்திவிடாமல் முந்தின வார அளவுக்கு இறங்குங்கள்.

ஆற்றங்கரை வரப்பைவிடக் கோயில் பிரகாரம் நல்லது. மேடு பள்ளம் கிடையாது, உட்காரத் திண்ணை உண்டு. காலை 8 மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல் கொதிக்கும். கூடவே வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 5 தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 5 தடவை. தண்ணீருக்குள் நடப்பதும் நல்ல பயிற்சிதான், ஆனால் குளமோ ஆறோ வேண்டாம். அணை திறந்திருக்கும்போது ஆற்றின் இழுப்பைக் கணிக்க முடியாது. வீட்டைவிட்டு வர முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

தூக்கம், ஒத்தடம், எண்ணெய்

படுக்கிற நேரத்தைவிட எழுகிற நேரத்தை நிலைப்படுத்துங்கள். ராத்திரி எப்படிப் போனாலும் காலை 5.30 என்றால் 5.30. பகல் தூக்கம் 20 நிமிஷம், அதுவும் 3 மணிக்கு முன்னால். டிகிரி காபியைக் காலையோடு முடித்துக்கொள்ளச் சொன்னால் கும்பகோணத்துக்காரர்களுக்குக் கோபம் வரும். மதியம் 2 மணிக்கு மேல் மட்டுமாவது தவிர்க்கலாம். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுத்ததும் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் வலி கூடுவதாகப் பலர் சொல்வார்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம் வைத்தால் இதமாக இருக்கும். நொச்சி இலை ஒத்தடமும் அந்தச் சூட்டுக்காகவே செய்யலாம். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் காலில் சூடு வைக்கக் கூடாது, பொசுங்குவதே தெரியாது. எண்ணெய் தேய்ப்பது மெதுவாக இருந்தால் நல்லது. சுளுக்கு எடுப்பதுபோல் கட்டை விரலால் நசுக்கித் தேய்த்தால் இரண்டு நாளைக்கு எழ முடியாது. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள்.

மாத்திரைகள்

டாக்டர்கள் பொதுவாக எழுதுவது மூன்றில் ஒன்று. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மந்தமாக இருக்கும். கண் நீர் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். டுலாக்செட்டின் 30-ல் தொடங்கி 60. முதல் வாரம் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. பிரீகேபலின், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் உண்டு, பழகும்வரை டூவீலர் ஓட்ட வேண்டாம். கர்ப்பமோ அதற்கான திட்டமோ இருந்தால் எதைப் போடுவதற்கு முன்னும் சொல்லுங்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அடியோடு போகவில்லை என்று பத்து நாளில் டாக்டரை மாற்றுவதால்தான் பலருக்கு எந்த மருந்தும் கேட்பதில்லை.

மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தருகிற செட் மாத்திரை வேண்டவே வேண்டாம். அட்டை இல்லாததால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட அன்றைக்குத் தெம்பாக இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலமிழக்கும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டால் பயனும் கிடையாது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஏற்கெனவே போட்டு வந்தவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனசு விட்டுப்போனால், வாழ்ந்து என்ன என்று தோன்றினால், 14416-க்கு எந்நேரமும் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற இலவச அரசுச் சேவை அது, தமிழில் பேசலாம்.

வலி பொங்குகிற நாட்களில்

கல்யாண வேலை, தூக்கம் கெட்டது, காய்ச்சல், வீட்டில் மனஸ்தாபம், இப்படி ஏதாவது ஒன்றுக்குப் பின் சில நாள் வலி பொங்கும். அப்போது எல்லா அளவையும் பாதியாக்குங்கள்: துவைப்பது 9 நிமிஷம் என்றால் நாலரை, நடை 10 என்றால் 5. முழு நாளும் படுத்துக் கிடக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கொல்லைப்புறம்வரை போய் வாருங்கள். வலி இறங்கியதும் ஒரே தாவலாகப் பழைய அளவுக்குப் போகாமல் முக்கால் அளவில் இரண்டு நாள் நில்லுங்கள். ஒரு நோட்டில் தேதி, வலி பத்துக்கு எத்தனை, முந்தின இரண்டு நாளில் என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். நாலைந்து தடவை எழுதினால் உங்களுக்கு எது ஆகவில்லை என்று அந்த நோட்டே காட்டிவிடும். ஒருவருக்கு அது ராத்திரிப் பயணமாக இருக்கும், இன்னொருவருக்கு அறுவடைக்கு நெல் தூற்றிய நாளாக இருக்கும்.